நாய்க்கு ஆன்டிபயாடிக் கொடுக்கும்போது சிக்கலா? அறிகுறியைப் பார்த்து இந்த வரிசையில் சரிபாருங்கள்

"அக்கா, மாத்திரை கொடுத்தேன், உடனே வாந்தி எடுத்துட்டான். இன்னொன்னு கொடுக்கட்டுமா?" கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் தரைவீட்டு வரிசையிலிருந்து மாதத்துக்கு இரண்டு முறையாவது இப்படி ஓர் அழைப்பு வரும். நான் கால்நடை மருத்துவர் இல்லை. வீட்டில் மூன்று நாய்கள் இருக்கின்றன, பின்சந்தில் சோறு வைக்கும் தெருநாய்கள் ஐந்தாறு. உண்ணிக் காய்ச்சல், தோல் புண், காது சீழ், கடிகாயம் என்று பல வருடங்களாக கிளினிக் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை இவற்றுக்குக் கொடுத்து வருகிறேன். அதில் கண்டது ஒன்று: பெரும்பாலும் மருந்தில் கோளாறு இருப்பதில்லை. எதோடு கொடுத்தோம், எந்த எடைக்குக் கொடுத்தோம், எப்போது நிறுத்தினோம் என்பதில்தான் இருக்கும். அதனால் எந்த அறிகுறி வந்தாலும் முதலில் செலவில்லாத காரணத்தைப் பாருங்கள், அப்புறம் கிளினிக்குக்குப் போகலாம். அடுத்து வரும் அறிகுறிகள் மட்டும் இதற்கு விதிவிலக்கு.

காத்திருக்கவே கூடாத அறிகுறிகள்

மருந்து கொடுத்த சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ முகம், உதடு, கண்ணிமை வீங்கினாலோ, உடம்பெங்கும் தடிப்பு கிளம்பினாலோ, மூச்சு வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, நாய் சரிந்து விழுந்தாலோ வீட்டில் பார்க்க ஒன்றும் இல்லை. உடனே கிளம்புங்கள்.

ஒரே ஒரு சோதனை செய்யலாம். மேலுதட்டைத் தூக்கி ஈற்றைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு காகிதம் போல வெளுத்திருந்தால் அந்த நேரத்துக்குத் திறந்திருக்கும் எந்த கிளினிக்குக்கும் போகலாம், உங்கள் வழக்கமான மருத்துவருக்காகக் காத்திருக்க வேண்டாம். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் சளி, ஒவ்வாமை மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். மூக்கடைப்புக்கான மருந்து கலந்த வகைகள் நாயின் இதயத்தையும் நரம்பையும் தாக்கும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் 24 மணி நேர கிளினிக்குகள் இருக்கின்றன. உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்றின் எண்ணை, நாய் நன்றாக இருக்கும் இன்றைக்கே தொலைபேசியில் சேமித்து வையுங்கள்.

மாத்திரையைத் துப்புகிறது, வாயில் நுரை தள்ளுகிறது

நுரையைப் பார்த்து விஷம் என்று பயப்பட வேண்டாம். மாத்திரை நாக்கில் கரைந்தால் கசப்புக்கு எச்சில் ஊறும். மெட்ரோனிடசோல் இதில் மிக மோசம், பாதியாக உடைத்தால் இன்னும் கசக்கும். தண்ணீர் வையுங்கள், பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடங்கிவிடும். அடங்காமல் முகமும் வீங்கினால் மேலே சொன்ன பகுதிக்குப் போங்கள்.

உணவில் ஒளித்துக் கொடுப்பதென்றால் மூன்று உருண்டை செய்யுங்கள். மசாலா இல்லாமல் அவித்த கோழி ஈரலோ, இட்லித் துண்டோ, வாழைப்பழமோ போதும். முதல் உருண்டை வெறும் உருண்டை. இரண்டாவதில் மாத்திரை. மூன்றாவதை அது பார்க்கும்படி மூக்குக்கு நேரே பிடித்திருங்கள். மூன்றாவது கிடைக்கும் அவசரத்தில் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடும். மாத்திரையைத் தொட்ட விரலால் மற்ற உருண்டைகளைத் தொடாதீர்கள், வாசனை ஒட்டிக்கொள்ளும். குழம்பில் கிடந்த கோழித்துண்டு வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கடலை வெண்ணெய் பயன்படுத்தினால் டப்பாவில் சைலிட்டால் (ஒரு செயற்கை இனிப்பு) என்று இருக்கிறதா என்று படியுங்கள். மனிதர்களுக்கான சில இனிப்பு மருந்துநீரிலும் அது உண்டு. மிகச் சிறிய அளவே நாயின் சர்க்கரையைத் தாறுமாறாக இறக்கிவிடும்.

ஒளித்தும் எடுக்கவில்லையா? கையால் கொடுங்கள். நாயைச் சுவரோரம் உட்கார வைத்துப் பக்கத்தில் மண்டியிடுங்கள். ஒரு கையால் மேல்தாடையைக் கோரைப்பல்லுக்குப் பின்னால் பிடித்து மூக்கைச் சற்றே உயர்த்துங்கள். மற்ற கையின் நடுவிரலால் கீழ்த்தாடையை இறக்கி, மாத்திரையை நாக்கின் பின்பகுதியில், நடுவில் வையுங்கள். வாயை மூடித் தொண்டையை மேலிருந்து கீழாகத் தடவுங்கள். நாக்கால் மூக்கை நக்கினால் விழுங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே ஊசியில்லாத சிரிஞ்சில் 5 முதல் 10 மில்லிலிட்டர் தண்ணீரைக் கன்னத்தின் ஓரமாக, மெதுவாக விடுங்கள். தண்ணீர் ஏன் முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

இரண்டு நாள் போராடியும் முடியவில்லை, அல்லது கையைக் கடிக்க வருகிறது என்றால் கிளினிக்கில் கேளுங்கள். அதே மருந்து திரவமாகக் கிடைக்கலாம், சிறு காப்சூலில் அடைத்துத் தரலாம். சில வகைத் தொற்றுக்கு இரண்டு வாரம் வரை வேலை செய்யும் ஊசியும் இருக்கிறது, ஆனால் விலை கூடுதல். கேட்காமல் நீங்களே காப்சூலைத் திறந்து தூளைச் சோற்றில் தூவாதீர்கள்.

வாந்தி எடுக்கிறது

எப்போது எடுத்தது என்று மணி பாருங்கள்.

கொடுத்த சில நிமிடங்களில், மாத்திரை முழுதாக வெளியே வந்திருந்தால் அந்த வேளை மருந்து உள்ளே போகவில்லை. மறுபடி கொடுக்கலாமா என்று கிளினிக்கைக் கேட்டுக் கொடுங்கள். அரை மணி, ஒரு மணி நேரம் கழித்து வாந்தி வந்து மாத்திரையைக் காணோம் என்றால் திரும்பக் கொடுக்காதீர்கள். எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வேளையை வழக்கமான நேரத்தில் கொடுங்கள்.

அடுத்த கேள்வி, வெறும் வயிற்றில் கொடுத்தீர்களா? டாக்ஸிசைக்ளினும் அமோக்சிசிலின்-கிளாவுலானேட்டும் செபலெக்சினும் வயிற்றைப் புரட்டும். பாதிச் சாப்பாட்டைக் கொடுத்து, மாத்திரை கொடுத்து, மீதிச் சாப்பாட்டைக் கொடுங்கள். என்னை அழைப்பவர்களில் பாதிப் பேருக்கு இதோடு வாந்தி நின்றுவிடுகிறது.

நிற்கவில்லையா, எடையைப் பாருங்கள். குளியலறைத் தராசில் நாயைத் தூக்கிக்கொண்டு நின்று, அப்புறம் நீங்கள் மட்டும் நின்று கழித்துக்கொள்ளுங்கள். கிளினிக் அட்டையில் உள்ள எடையோடு ஒத்துப்போகிறதா? அமோக்சிசிலின்-கிளாவுலானேட் வழக்கமாக ஒரு கிலோவுக்கு 12.5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. அதாவது 20 கிலோ நாய்க்கு ஒரு வேளைக்கு 250. கணக்கு பெரிதாக வித்தியாசப்பட்டால் நீங்களாக மாற்றாமல் கிளினிக்கில் கேளுங்கள். நோயைப் பொறுத்து மருத்துவர் வேண்டுமென்றே கூட்டியோ குறைத்தோ எழுதியிருக்கலாம்.

வேறென்ன கொடுக்கிறீர்கள் என்றும் பாருங்கள். வலி மாத்திரை சேர்ந்தால் வயிறு கெடுவது இயல்பு. மனிதர்களின் இபுப்ரோஃபென், பாராசிட்டமால் ஏதாவது கொடுத்திருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவார் என்று மறைத்து, அதைக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் போன வீடுகளை எனக்குத் தெரியும்.

ஒரே நாளில் இரண்டு மூன்று தடவைக்கு மேல் வாந்தி, தண்ணீர் குடித்தாலும் வெளியே வருவது, வாந்தியில் ரத்தம் அல்லது கோப்பித்தூள் போன்ற கருப்பு, கண்ணில் மஞ்சள் என்றால் வீட்டுச் சோதனையை நிறுத்திவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கள்.

மலம் இளகிப் போகிறது

இது மிகவும் சாதாரணம். குடலில் இருக்கும் நல்ல கிருமிகளையும் மருந்து சேர்த்தே அடிக்கிறது. நாய் சுறுசுறுப்பாக இருந்து, சாப்பிட்டு, மலம் மட்டும் கூழாக இருந்தால் உப்பும் எண்ணெயும் இல்லாமல் அவித்த கோழி, குழைந்த சோறு, கொஞ்சம் அவித்த பூசணி போதும். நாய்களுக்கான புரோபயாடிக் கொடுத்தால் மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மோர், தயிர் கொடுக்கலாமே என்று தோன்றும். சில மருந்துகளோடு அது ஆகாது, அதற்கு அடுத்த பகுதியைப் படித்துவிட்டு வாருங்கள்.

தண்ணீராக இரண்டு நாளுக்கு மேல் போனாலோ, ரத்தம் தெரிந்தாலோ, குட்டி நாயாக இருந்தாலோ காத்திருக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் குட்டிக்கு நீர் வற்ற ஒரு பகல் போதும்.

நாள் போகிறது, குணம் தெரியவில்லை

எனக்கு அதிகமாக வரும் அழைப்பு இதுதான், அதிகத் தவறு நடப்பதும் இங்கேதான். நிதானமாகப் பாருங்கள்.

முதலில், எதோடு கொடுக்கிறீர்கள்? நம் வீடுகளில் மாத்திரை என்றாலே தயிர்சாதத்தில் புதைத்துக் கொடுப்பது பழக்கம். இல்லாவிட்டால் பாலில், சீஸ் துண்டில். பாலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து என்ரோஃப்ளாக்சசினையும் டெட்ராசைக்ளின் குடும்பத்து மருந்துகளையும் வயிற்றிலேயே கட்டிப் போட்டுவிடும், ரத்தத்துக்குப் போக விடாது. அந்தக் குடும்பத்து டாக்ஸிசைக்ளினில் பாலால் வரும் இழப்பு குறைவு. ஆனாலும் ஏன் இழக்க வேண்டும்? அமோக்சிசிலின், செபலெக்சினுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

இரும்புச் சத்து டானிக் பாலைவிட மோசம். எங்கள் தெருக் கடைசி வீட்டில் பிரவுனி என்று ஒரு நாய். உண்ணிக் காய்ச்சல் வந்து டாக்ஸிசைக்ளின் எழுதியிருந்தார்கள். ஈறு வெளுத்திருந்ததால் வீட்டுக்காரர் அவராகவே ரத்தம் ஊற டானிக் வாங்கி, தினமும் காலையில் மாத்திரையும் டானிக்கும் ஒரே கரண்டியில் கொடுத்து வந்தார். அன்பினால் செய்ததுதான். ஒன்பதாவது நாளும் பிரவுனி வாசலை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் போய்ப் பார்த்தபோது அலமாரியில் இரண்டு பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரும்பு டாக்ஸிசைக்ளினை இறுகப் பிடித்துக்கொள்ளும். கிளினிக்கில் சொல்லி டானிக்கை நிறுத்தினோம், மறுபடி ரத்தம் பார்த்தார்கள், நாள் கணக்கையும் புதிதாகத் தொடங்கச் சொன்னார்கள். அந்த வார முடிவிலேயே கேட்டுக்கு ஓடி வந்து குரைத்தது.

அலுமினியமோ மக்னீசியமோ கலந்த அமிலக்குறைப்பு மருந்து, வயிற்றுப் புண்ணுக்கான சுக்ரால்ஃபேட் இவையும் இதே வேலையைச் செய்யும். சேர்த்து எழுதியிருந்தால் எதை முதலில், எத்தனை மணி நேரம் விட்டு என்று கேட்டு அட்டையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, எத்தனை மணிக்கு ஒரு தடவை? இரண்டு வேளை என்றால் 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை. காலை எட்டு, மாலை ஐந்து என்று கொடுத்தால் இரவெல்லாம் மருந்து இறங்கிப் போகும்.

மூன்றாவது, மருந்து கெட்டுப்போனதா? கிளாவுலானேட் கலந்த மாத்திரைக்கு ஈரம் எதிரி. நம் ஊர்க் காற்றில் அலுமினியத் தாளைப் பிரித்துப் பெட்டியில் போட்டு வைத்தால் வெள்ளை மாத்திரை பழுப்பாகும், பொருமும். கொடுக்கும் நேரத்தில் மட்டும் பிரியுங்கள். கலக்கிய திரவ மருந்தைப் பிரிட்ஜில் வையுங்கள். அட்டையில் உள்ள நாள் முடிந்ததும் மிச்சத்தைக் கொடுக்காதீர்கள். மதிய வெயிலில் காருக்குள் விட்ட மருந்து எதுவானாலும் நம்பாதீர்கள்.

இவை மூன்றும் சரியென்றால் இனிக் கிளினிக்கின் வேலை, செலவும் ஏறும்.

உண்ணிக் காய்ச்சலென்றால்: உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமித் தொற்றின் ஆரம்ப நிலையில் டாக்ஸிசைக்ளின் சரியாகப் போனால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளிலேயே காய்ச்சல் விட்டு நாய் சாப்பிடத் தொடங்கும். மூன்று நாளாகியும் அசைவில்லையென்றால் பாபேசியா என்ற ரத்த ஒட்டுண்ணியும் கூட இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் உண்ணியிலிருந்துதான் வருகிறது, டாக்ஸிசைக்ளினுக்கு அடங்காது. கிளினிக்கில் சில நிமிடத்தில் பார்க்கும் கிட் பாபேசியாவைக் காட்டாமல் போகலாம். ரத்தத்தைக் கண்ணாடியில் பூசி நுண்ணோக்கியில் பார்ப்பது மலிவு, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை விலை கூடுதல். வீட்டுச் சுவர் வெடிப்பிலும் நாய்ப்படுக்கையிலும் உண்ணி இருக்கும்வரை மருந்து மட்டும் போதாது என்பதையும் மறக்க வேண்டாம்.

தோலென்றால்: ஆழமில்லாத புண்ணே ஆற மூன்று வாரம் ஆகலாம், அதனால் நாலாவது நாளில் மருந்தைக் குறை சொல்லாதீர்கள். பத்து நாளாகியும் புதுக் கொப்புளம் வந்தால் சீழில் பஞ்சு தொட்டுக் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகும் என்று தெரியும். அடுத்தடுத்து மூன்று மருந்தை மாற்றிப் பார்ப்பதைவிட இது மலிவு என்பது என் அனுபவம்.

காதென்றால்: வெளிக்காதுச் சீழுக்கு மாத்திரை தனியாக அதிகம் உதவாது. காதைச் சுத்தம் செய்து சொட்டு மருந்து விட வேண்டும்.

சிக்கலான கேஸ் என்று கிளினிக்கே மேலிடத்துக்கு அனுப்பினால் தயங்காதீர்கள். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. கொடுத்த மருந்துகளின் பெயர், அளவு, தேதி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

விழுங்கும்போது கழுத்தை நீட்டுகிறது, சாப்பாட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகிறது

டாக்ஸிசைக்ளின் அல்லது கிளிண்டாமைசின் கொடுக்கிறீர்களா? தண்ணீரில்லாமல் கொடுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டி அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும். பூனைகளில் இது அதிகம், நாய்க்கும் வரும். சிரிஞ்சுத் தண்ணீரை வற்புறுத்திச் சொன்னது இதனால்தான். அடுத்த மாத்திரையைக் கொடுக்கும் முன் கிளினிக்கைக் கூப்பிடுங்கள். விட்டுவிட்டால் புண் ஆறும் இடத்தில் குழாயே சுருங்கிப் போகும், அதைச் சரிசெய்வது நாய்க்கும் வேதனை, கைச்செலவும் பெரிது.

தள்ளாடுகிறது, தலை ஒரு பக்கம் சாய்கிறது, கண் ஆடுகிறது

மெட்ரோனிடசோல் நாள்கணக்காகக் கொடுத்து இப்படி வந்தால் மருந்து நரம்பைத் தொட்டிருக்கலாம். அளவு கூடினாலோ பல நாள் நீடித்தாலோ வரும். அடுத்த வேளையை நிறுத்திவைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். நேரத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் ஓரிரு வாரத்துக்குள் தேறிவிடும்.

ஏற்கெனவே வலிப்பு உள்ள நாய் என்றால் என்ரோஃப்ளாக்சசின் எழுதும்போதே சொல்லிவிடுங்கள். வளரும் குட்டிக்கும் இது வழக்கமாக எழுத மாட்டார்கள், மூட்டுக் குருத்தெலும்பைக் கெடுக்கும். குட்டிக்கு எழுதியிருந்தால் ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை.

சல்ஃபா வகை ஆன்டிபயாடிக் கொடுக்கும்போது கண் பிசுபிசுவென்று ஒட்டி, பளபளப்பு போய்விட்டால் கண்ணீர் வற்றுகிறது என்று பொருள். அதையும் அன்றைக்கே காட்டுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டேன் / இரண்டு தடவை கொடுத்துவிட்டோம்

மறந்தால் ஞாபகம் வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

இரட்டிப்பாகப் போவது பெரும்பாலும் அம்மா காலையில் கொடுத்ததைத் தெரியாமல் மகன் வேலைக்குக் கிளம்பும்போது மறுபடி கொடுப்பதால்தான். ஒரே ஒரு தடவை என்றால் பல மருந்துகளில் வயிறு புரட்டுவதோடு போய்விடும். ஆனாலும் மருந்தின் பெயரையும் நாயின் எடையையும் சொல்லிக் கிளினிக்கில் கேளுங்கள். சிறிய நாய், சிறுநீரகமோ ஈரலோ கெட்ட நாய் என்றால் உடனே கேளுங்கள். எங்கள் வீட்டில் பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மாத்திரை டப்பாவை மூட வேண்டும்.

நன்றாகிவிட்டது, மாத்திரை மிச்சம் இருக்கிறது

வாலாட்டுவதைப் பார்த்து நீங்களாக நிறுத்தாதீர்கள். எர்லிக்கியாவுக்கு வழக்கமாக 28 நாள் கொடுப்பார்கள். நாலாம் நாளே நாய் துள்ளினாலும் கிருமி உள்ளேதான் இருக்கும். வேறு நோய்க்கு ஐந்து நாளே போதும் என்றிருக்கலாம். எத்தனை நாள், மறுபரிசோதனை எப்போது என்பதை மருந்து வாங்கும் அன்றைக்கே கேட்டு வையுங்கள். பணத்துக்குத் தட்டுப்பாடு என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், அதே குடும்பத்தில் விலை குறைந்த மருந்து பெரும்பாலும் இருக்கும்.

நாள் முடிந்தும் மிஞ்சியதைப் பக்கத்து வீட்டு நாய்க்குக் கொடுக்காதீர்கள், அடுத்த தடவைக்கென்று டிராயரிலும் வைக்காதீர்கள். மலேசியாவில் 1952ஆம் ஆண்டு விஷப் பொருள் சட்டப்படி ஆன்டிபயாடிக் மருத்துவர் எழுதித் தர வேண்டிய மருந்து. வலைத்தளத்தில் சீட்டில்லாமல் விற்பவரிடம் வாங்க வேண்டாம். மிச்சத்தைக் குழாயிலோ கழிவறையிலோ கொட்டாமல், மறுபரிசோதனைக்குப் போகும் அன்று அட்டையோடு கிளினிக்கிலேயே கொடுத்துவிடுங்கள்.